சிக்கன வீடியோவும் சிறந்த பாட்டும்

புதிய தமிழ்ப் படத்தின் பாட்டு வெளியாகிறது. பிள்ளைகள் கைப்பேசியில் அதைத் திறக்கிறார்கள். கதாநாயகன் நிற்கும் ஒரு படம், பின்னால் புகைபோல ஏதோ ஓர் அசைவு, நடுவில் துள்ளித் துள்ளி வரும் பாட்டு வரிகள். நான்கு நிமிடம் முடிந்துவிடுகிறது. "இதுக்குப் பேர் வீடியோவா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கிறார்கள். "பாட்டைக் கேளுங்க" என்கிறார்கள் இளையோர்.

பெரும்பாலான வீடுகளில் இந்தப் பேச்சு இத்துடன் முடிந்துவிடும். ஆனால் கேள்வி சிறியதல்ல. அதிகம் மெனக்கெடாமல் எடுத்த ஒரு படம் பாட்டுக்குத் துணையாக நிற்குமா, பாரமாகுமா? பாட்டுக்குப் படம் பிடிக்கும் கலையின் வரலாற்றைப் புரட்டினால், சிக்கனம் அதில் இடையில் வந்து புகுந்த குறை அல்ல என்பது தெரியவரும். அந்தக் கலை பிறந்ததே சிக்கனத்தில்தான்.

வர முடியாதவருக்குப் பதிலாள்

1940களில் அமெரிக்காவின் மதுக்கடைகளிலும் உணவகங்களிலும் 'பனோரம்' என்ற பெட்டி இருந்தது. அதில் 10 காசு போட்டால் ஒரு பாட்டு படத்தோடு ஓடும். அந்தக் குறும்படங்களுக்கு 'சௌண்டீஸ்' என்று பெயர். 1960ல் பிரான்சில் 'ஸ்கோப்பிடோன்' என்ற வண்ணப் பெட்டி வந்தது. இரண்டுமே சில ஆண்டுகளில் ஓய்ந்தன.

பாட்டுப் படம் வேரூன்றியது வேறு காரணத்தால். தொலைக்காட்சி நிலையங்கள் எல்லா நாட்டிலும் பாடகரை நேரில் அழைத்தன. எல்லா இடத்துக்கும் போக முடியாத பாடகர், தனக்குப் பதிலாக ஒரு படச்சுருளை அனுப்பினார். 1966 மே மாதம் பீட்டில்ஸ் குழுவினர் 'பேப்பர்பேக் ரைட்டர்', 'ரெய்ன்' ஆகிய பாடல்களுக்கு லண்டனில் படம் எடுத்தது இப்படித்தான். இயக்கியவர் மைக்கேல் லிண்ட்சே-ஹாக். சிஸிக் மாளிகைத் தோட்டத்தில் நால்வரும் நிற்கிறார்கள், நடக்கிறார்கள், வாயசைக்கிறார்கள். கதை என்று எதுவும் கிடையாது. அந்தப் படம் தொலைக்காட்சியில் ஓடியபோது, குழுவினர் நேரில் வராத குறையை அது ஈடு செய்தது. அவ்வளவுதான் அதன் வேலை.

அதற்கும் ஓராண்டு முன்னால் எடுக்கப்பட்ட ஒரு துண்டுப் படம் இன்றளவும் பேசப்படுகிறது. 1965 மே மாதம், லண்டன் சவோய் ஹோட்டலுக்குப் பக்கத்துச் சந்து. பாப் டிலன் கையில் ஓர் அட்டைக் கட்டு. பின்னால் கவிஞர் ஆலன் கின்ஸ்பர்க்கும் பாப் நியூவிர்த்தும் பேசிக்கொண்டு நிற்கிறார்கள். 'சப்டெரேனியன் ஹோம்சிக் புளூஸ்' பாட்டு ஒலிக்கிறது. டிலன் பாடவில்லை, வாயும் அசைக்கவில்லை. பாட்டில் வரும் ஒரு சொல், இரண்டு சொல் எழுதிய அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டிக் கீழே வீசுகிறார். கேமரா ஒரே இடத்தில் நிற்கிறது. வெட்டும் இல்லை, ஒட்டும் இல்லை. பாட்டு முடிகிறது, அவர் நடந்து போய்விடுகிறார். டி.ஏ. பென்னிபேக்கர் எடுத்த 'டோன்ட் லுக் பேக்' ஆவணப்படம் 1967ல் திரைக்கு வந்தபோது, அதன் தொடக்கக் காட்சி இதுதான்.

சந்துக்கு வாடகை இல்லை. நடிகர் சம்பளம் இல்லை. செலவு என்று பார்த்தால் அட்டையும் மையும்தான். ஆனாலும் இதைச் சோம்பல் வேலை என்று யாரும் சொல்வதில்லை. அந்தப் பாட்டின் இயல்பைப் பார்த்தால் காரணம் புரியும். அது மூச்சு விடாமல் சொற்களை வாரியிறைக்கும் பாட்டு. ஒரு சொல்லைப் பிடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். டிலன் அட்டையை வீசுகிற வேகமும் அதே வேகம். சில இடங்களில் பாட்டு முந்திவிடுகிறது, அட்டை பின்தங்குகிறது. கேட்கிறவனுக்கு நேர்வதும் அதேதான். அட்டைகளை எழுத ஜோன் பேயஸும் டோனவனும் நியூவிர்த்தும் கை கொடுத்தார்கள். சில சொற்களில் எழுத்துப் பிழையை வேண்டுமென்றே வைத்தார்கள். பாடலின் குறும்பு அட்டையிலும் இருக்க வேண்டும் என்ற எண்ணம்.

எழுத்தைத் திரையில் காட்டும் இன்றைய வழக்கத்துக்கு இந்தச் சந்துதான் பூர்வீகம் என்று சொல்லலாம்.

நான்கு மணி நேர வேலை

பத்தாண்டு கழித்து, 1975 நவம்பர் 10. இங்கிலாந்தின் எல்ஸ்ட்ரீ படப்பிடிப்பு நிலையத்தில் குவீன் இசைக்குழு தன் பயணத்துக்காக ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. 'பொஹீமியன் ராப்ஸடி' பாட்டு அப்போதுதான் வெளிவந்திருந்தது. ஏறக்குறைய 6 நிமிடம் நீளம். நடுப்பகுதி ஒப்பரா. அந்தப் பகுதியில் ஒரே குரலை அடுக்கடுக்காகப் பல முறை ஒலிப்பதிவு செய்து கோத்திருந்தார்கள். மேடையில் நால்வர் நின்று அதைப் பாடிக்காட்ட வழியே இல்லை. பிபிசியின் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' நிகழ்ச்சிக்குப் போய் வெறுமனே வாயசைத்தால் கேலிக்கிடமாகும். பயணத்தின் நடுவே நேரமும் இல்லை.

புரூஸ் கவர்ஸ் என்ற இயக்குநர் வந்தார். சுமார் 4 மணி நேரத்தில் படப்பிடிப்பு முடிந்தது. மொத்தச் செலவு ஏறத்தாழ 4,500 பவுன். 1974ல் வெளிவந்த அவர்களின் இரண்டாவது இசைத்தட்டு அட்டைக்காக மிக் ராக் எடுத்த புகைப்படம் ஒன்று இருந்தது. இருட்டுக்குள் நான்கு முகங்கள், மேலிருந்து விழும் வெளிச்சம். அதையே உயிரோடு மறுபடி அமைத்தார்கள். ஒப்பரா பகுதியில் குரல்கள் பெருகும்போது முகங்களும் பெருக வேண்டும். அதற்குப் பட்டை தீட்டிய கண்ணாடியைக் கேமராவின் முன் வைத்தார்கள். கேமராவை அதன் திரையையே பார்க்கும்படி திருப்பி, ஒரு முகம் தொலைவு வரை வரிசையாகத் தேய்ந்து போவதுபோல் காட்டினார்கள். பின்னால் உட்கார்ந்து சேர்த்த மாயம் எதுவுமில்லை. எல்லாம் அங்கேயே, அப்போதே.

அந்தப் பாட்டு பிரிட்டனில் தொடர்ந்து 9 வாரம் முதலிடத்தில் இருந்தது. படத்தால் மட்டும் அது நிகழ்ந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அதன் பிறகுதான் இசைத்தட்டு நிறுவனங்கள் பாட்டுப் படத்தை விற்பனையின் ஓர் அங்கமாகவே பார்க்கத் தொடங்கின.

பணம் புகுந்த பிறகு

1981 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் எம்டிவி தொடங்கியது. நாள் முழுதும் பாட்டுப் படம். 1983 டிசம்பரில் மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' வந்தது. ஜான் லாண்டிஸ் இயக்கிய அது ஏறத்தாழ 14 நிமிடம் ஓடும் குறும்படம். பத்தாயிரங்களில் இருந்த செலவு லட்சங்களுக்கு ஏறியது. 1995ல் மைக்கேல் ஜாக்சனும் தங்கை ஜேனட்டும் சேர்ந்து தோன்றிய 'ஸ்கிரீம்' படத்துக்கு 70 லட்சம் டாலர் ஆனதாகச் சொல்லப்பட்டது. படம் நன்றாக இருந்தால் பாட்டு சுமாராக இருந்தாலும் ஓடும் என்ற நிலை அந்தக் காலத்தில்தான் உருவானது. முகவெட்டு இல்லாத பாடகர்கள் திண்டாடினார்கள்.

இதற்கு எதிர்ப்பும் எழுந்தது. மினியாப்பொலிஸ் நகரத்து 'ரீப்ளேஸ்மென்ட்ஸ்' என்ற ராக் குழுவுக்குப் பாட்டுப் படம் என்றாலே ஆகாது. 1985ல் அவர்கள் ஒரு பெரிய நிறுவனத்தில் சேர்ந்தபோது படம் கட்டாயமாயிற்று. அவர்கள் கொடுத்தது என்ன? கறுப்பு வெள்ளையில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி. பாட்டு அதிர அதிர அதன் சவ்வு அதிர்கிறது. கேமரா மெல்லப் பின்வாங்கும்போது, சோபாவில் உட்கார்ந்து புகைக்கும் ஓர் ஆளின் கையும் காலும் தெரிகின்றன. முடிவில் அந்த ஆள் எழுந்து ஸ்பீக்கரை உதைத்துவிட்டுப் போகிறான். எங்கள் முகத்தை விற்கமாட்டோம், வேண்டுமானால் பாட்டைக் கேள் என்ற பொருள் அதில் இருந்தது. பிடிவாதம் என்று அதைச் சொல்லலாம். ஆனால் கதியற்ற இளைஞர்களின் கசப்பைப் பாடும் அந்தப் பாட்டுக்கு அந்த உதை பொருந்தாமல் இல்லை.

1990ல் வந்த ஷினேட் ஓ'கானரின் 'நத்திங் கம்பேர்ஸ் 2 யு' இதற்கு நேர் எதிரான திசையில் போனது. பாட்டை எழுதியவர் பிரின்ஸ். ஜான் மேபரி இயக்கிய படத்தில், பாரிஸுக்கு அருகேயுள்ள சாங்-குளூ பூங்காவில் அவர் நடக்கும் காட்சிகள் சில உண்டு. மற்றபடி முழுதும் ஒரே முகம். கறுப்புப் பின்னணி, கறுப்பு மேலாடை, மழித்த தலை, இரண்டு கண்கள். தாயைக் குறிப்பிடும் ஓர் இடத்தில் அவர் கன்னத்தில் கண்ணீர் வழிகிறது. அது நடிப்பல்ல. அவருடைய தாயார் 1985ல் கார் விபத்தில் இறந்துபோனவர். அந்த நினைவு வந்துவிட்டதாக அவரே பின்னாளில் சொன்னார். பூங்காவில் எடுத்த மற்ற காட்சிகளைவிட முகமே போதும் என்று படத்தொகுப்பில் முடிவாயிற்று. அவ்வாண்டின் சிறந்த வீடியோவுக்கான எம்டிவி விருதை அது பெற்றது. அந்த விருதை வென்ற முதல் பெண் அவர். 2023 ஜூலையில் அவர் மறைந்தபோது உலகத் தொலைக்காட்சிகள் எல்லாம் திரும்பக் காட்டியது அந்த முகத்தைத்தான்.

இழந்த ஒருவரை நினைத்து ஏங்கும் பாட்டுக்கு அரண்மனையும் ஆட்டக்காரிகளும் எதற்கு? தமிழ் ரசிகர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. 1962ல் ஸ்ரீதர் இயக்கிய 'நெஞ்சில் ஓர் ஆலயம்' பெரும்பகுதி ஒரே மருத்துவமனை அரங்கில், ஒரு மாதத்துக்குள் எடுக்கப்பட்ட படம். அதில் 'சொன்னது நீதானா' பாட்டுக்கு ஓர் அறை, ஒரு கட்டில், நோயுற்ற கணவனாக முத்துராமன், மனைவியாக தேவிகா. கண்ணதாசன் வரி, விசுவநாதன் ராமமூர்த்தி இசை, பி. சுசீலா குரல். அந்த அறையை விட்டு வெளியே போயிருந்தால் அந்தப் பாட்டு என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

செலவு வேறு, உழைப்பு வேறு

சிக்கன வீடியோ என்று பேசும்போது செய்யப்படும் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. செலவு குறைந்தால் உழைப்பும் குறைந்தது என்று எண்ணிவிடுகிறோம்.

1999ல் ஃபேட்பாய் ஸ்லிம்மின் 'பிரைஸ் யு' பாட்டுக்கு ஸ்பைக் ஜோன்ஸ் எடுத்த படத்துக்கு ஆன செலவு சுமார் 800 டாலர் என்பார்கள். லாஸ் ஏஞ்சலிஸின் வெஸ்ட்வுட் பகுதியில் ஒரு திரையரங்கு வாசல். அனுமதி எதுவும் வாங்கவில்லை. சமூக மன்றத்து நடனக் குழு போல வேடமிட்ட சிலர், வரிசையில் நிற்பவர்கள் முன்னால் பாட்டுப் பெட்டியை வைத்துவிட்டு அசட்டுத்தனமாக ஆடுகிறார்கள். அரங்க ஊழியர் ஒருவர் வந்து பெட்டியை அணைக்கிறார். ஜோன்ஸே குழுத் தலைவராக நடித்திருந்தார். பார்த்தால் வீட்டுக் கேமராவில் எடுத்த கோணல் படம். ஆனால் அந்த அசட்டு ஆட்டத்துக்குப் பயிற்சி நடந்திருந்தது. ஒருவரை ஒருவர் வாய்விட்டுப் பாராட்டும் பாட்டு அது. ஆடத் தெரியாதவர்கள் முழு மனத்தோடு ஆடுவதைப் பார்க்கும்போது சிரிப்பு வருகிறது, பிறகு அன்பும் வருகிறது. அவ்வாண்டு எம்டிவி அதற்கு மூன்று விருது கொடுத்தது. அதில் ஒன்று நடன அமைப்புக்கு!

2006 ஜூலை இறுதியில் 'ஓகே கோ' குழு யூடியூபில் ஏற்றிய 'ஹியர் இட் கோஸ் அகெய்ன்' இன்னும் தெளிவான சான்று. எட்டு நடைப்பயிற்சி இயந்திரங்கள். நான்கு இளைஞர்கள் அவற்றின் மேல் தாவித் தாவி ஆடுகிறார்கள். நடனத்தை அமைத்தவர் பாடகர் டேமியன் குலாஷின் சகோதரி டிரிஷ் சீ. அவர் வீட்டிலேயே எடுத்த படம். ஒரே எடுப்பு. ஆனால் அந்த ஒரே எடுப்பு சரியாக வர 17 முறை முயன்றார்கள். கால் தவறினால் பல் போகும் வேலை. 2007ல் அதற்குக் கிராமி விருது கிடைத்தது. ஓடிய இடத்திலேயே ஓடிக்கொண்டு, செய்த தவற்றையே திரும்பச் செய்வதைப் பற்றிய பாட்டு அது. ஓடும் பட்டை அதற்கு எவ்வளவு பொருத்தம் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆக, மலிவாக எடுத்தார்களா என்று கேட்பதால் பயனில்லை. எடுத்தவர் பாட்டைக் காது கொடுத்துக் கேட்டாரா என்றுதான் கேட்க வேண்டும்.

கேட்காமல் எடுத்தால் எப்படி இருக்கும் என்பதற்கு கரோக்கே வட்டுகள் சாட்சி. 1971ல் ஜப்பானின் கோபே நகரில் டைசுகே இனோவே உருவாக்கிய கரோக்கே பெட்டியில் படமே கிடையாது. ஒலிநாடா மட்டும். 1980களில் லேசர் வட்டு வந்தபோது பாட்டு வரியோடு படமும் சேர்ந்தது. ஆயிரக்கணக்கான பாட்டுக்குப் படம் வேண்டும், யார் எடுப்பது? எந்தப் பாட்டுக்கும் ஒட்டவைக்கக்கூடிய பொதுப் படத்தை எடுத்துத் தள்ளினார்கள். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் கரோக்கே கூடங்களில் பாடியவர்களுக்கு அந்தப் படங்கள் நினைவிருக்கும். அம்மாவைப் பற்றிய பாட்டுக்கும் கடற்கரையில் ஒரு பெண் நடப்பாள். பிரிவுப் பாட்டுக்கும் அதே பெண், அதே கடற்கரை. ஆனால் யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. கண் திரையின் அடியில் நிறம் மாறும் எழுத்தில் இருந்தது. படம் சுவர்க் காகிதம் மாதிரி. பாட்டு அங்கே பாடுகிறவருடையது.

எழுத்து மட்டும் திரையில்

எழுத்தையே படமாக்கலாம் என்ற எண்ணம் மேல்நாட்டில் அவ்வப்போது தலைகாட்டியது. 1987ல் பிரின்ஸ் தன் 'சைன் ஓ தி டைம்ஸ்' பாட்டுக்குத் தன் முகத்தைக் காட்டாமல் சொற்களை மட்டும் திரையில் ஓடவிட்டார். எய்ட்ஸ், போதைப்பொருள், வெடித்துச் சிதறிய விண்கலம் என்று செய்தித்தாள் போல அடுக்கும் பாட்டு அது. 1990ல் ஜார்ஜ் மைக்கேல் இனிமேல் பாட்டுப் படத்தில் தோன்றமாட்டேன் என்று மறுத்தபோது, 'பிரேயிங் ஃபார் டைம்' பாட்டுக்கு இருண்ட திரையில் வரிகள் மட்டுமே வந்தன. அமெரிக்காவில் அது முதலிடம் பிடித்தது. 2010ல் சீலோ கிரீன், வானொலியில் உச்சரிக்க முடியாத தலைப்புள்ள தன் பாட்டை, வண்ணத்தில் வெறும் எழுத்தாக யூடியூபில் விட்டார். எழுத்து வீடியோவுக்கு ஒரு மவுசு பிறந்தது அதன் பிறகுதான். 2014ல் எம்டிவி இதற்கென ஒரு விருதுகூடக் கொடுத்துப் பார்த்தது.

தமிழுக்கு அந்தக் கதவு வேறு விதமாகத் திறந்தது. 2011 நவம்பர் 16 அன்று 'ஒய் திஸ் கொலவெறி டி' வெளியானது. '3' படத்துக்காக அனிருத் இசையமைத்து தனுஷ் எழுதிப் பாடியது. ஒழுங்குபடுத்தாத பதிவு ஒன்று முன்னதாகவே கசிந்துவிட்டதால், அவசரமாக ஒலிப்பதிவுக் கூடத்திலேயே எடுத்த காட்சியைப் போட்டார்கள். காதில் ஹெட்போன் மாட்டிய தனுஷ், எதிரே சிரித்துக்கொண்டு அனிருத், சுருதி ஹாசன், இயக்குநர் ஐஸ்வர்யா. கூடவே பாட்டு வரிகள். 2012 மார்ச் 30ல் படம் திரைக்கு வருவதற்குள் உலகமே அதைப் பாடி முடித்திருந்தது. அந்தப் பாட்டே உட்கார்ந்த இடத்தில் விளையாட்டாகப் பிறந்த மாதிரி ஒலிக்கும் பாட்டு. பாடகரே நடுவில் மேளக்காரருக்கு உத்தரவு கொடுப்பார். அதை வெளிநாட்டுப் பனிமலையில் எடுத்திருந்தால் அந்த விளையாட்டுத்தனம் போயிருக்கும்.

கொலவெறிக்கு அமைந்த பொருத்தம் தற்செயல். ஆனால் வணிகர்கள் அதில் வேறொன்றைக் கண்டார்கள். பாட்டுக்காட்சியைப் படம் வெளிவரும் வரை பூட்டி வைக்கலாம். அதற்குள் பாட்டைப் பரப்ப ஒரு மலிவான உடுப்பு போதும். 'லிரிக் வீடியோ' என்று அதற்குப் பெயர். சில ஆண்டுகளில் தமிழ்ப் படப் பாட்டு உலகுக்கு வருவதே அந்த உடுப்பில்தான் என்றாகிவிட்டது.

இது எல்லாப் பாட்டுக்கும் பொருந்தவில்லை. 'மாரி 2' படத்தின் 'ரௌடி பேபி' முதலில் எழுத்தாக வந்தது. பாட்டு ஓடியது. 2019 தொடக்கத்தில் பிரபுதேவா அமைத்த நடனத்தில் தனுஷும் சாய் பல்லவியும் ஆடிய முழுக்காட்சி வந்தபோதுதான் அது எத்தகைய பாட்டு என்பதே விளங்கியது. 2020 நவம்பரில் அது 100 கோடிப் பார்வைகளைத் தாண்டியது. கால்களுக்காக இசையமைத்த பாட்டுக்குக் கால்கள் வேண்டும். எழுத்து எப்படி ஆடும்?

மெல்லிசைப் பாட்டுக்கோ எழுத்தே அதிகம் என்று தோன்றும் வேளையும் உண்டு. மின்னலாக மாறுவதற்கு முன் வானொலி ஆறு கேட்டு வளர்ந்த மலேசியத் தலைமுறைக்கும், ஒலி கேட்கும் சிங்கப்பூர் நேயர்களுக்கும், பல பாடல்களின் காட்சி எப்படி இருக்கும் என்றே நெடுங்காலம் தெரியாது. பின்னர் படத்தைப் பார்த்து, 'இதற்கா இந்தக் காட்சி' என்று ஏமாந்தவர்கள் ஏராளம். காது கட்டிய மாளிகையைக் கண் வந்து இடித்துவிடும்.

உள்ளூர்க் கலைஞர்களின் நிலை இன்னும் கவனிக்கத்தக்கது. 2006ல் யோகி பி - நட்சத்ரா குழுவின் 'வல்லவன்' வந்து, 'மடை திறந்து' தமிழகம் வரை ஒலித்த பிறகு, இங்குள்ள பல இளையோருக்குத் துணிச்சல் பிறந்தது. ஆனால் பாட்டை ஒலிப்பதிவு செய்யவே கையிருப்பு கரைந்துவிடும். படம் எடுக்கப் பணம் ஏது? சிலர் கடன் வாங்கி, தமிழ்ப் படக் காட்சியைப் போலவே வாடகைக் காரும் கூட்டமுமாக எடுக்கிறார்கள். அது பெரும்பாலும் இரவல் சட்டை போலத் தொங்குகிறது. தோட்டத்தைப் பற்றிய பாட்டுக்கு ரப்பர் மரநிழலும், அடுக்குமாடி வாழ்வைப் பற்றிய பாட்டுக்கு அதன் படிக்கட்டும் வாடகை கேட்பதில்லை. டிலனுக்கு ஒரு சந்து போதுமானதாக இருந்தது.

எந்த எழுத்து?

தமிழ் லிரிக் வீடியோவில் உண்மையான குறை ஒன்று இருக்கிறது. அது படம் அசையவில்லை என்பதல்ல. எழுத்தை நம்பியே நிற்கும் படத்தில் எழுத்தின் மேல் அக்கறை இல்லை என்பதுதான்.

பெரும்பாலான லிரிக் வீடியோக்களில் தமிழ்ப் பாட்டின் வரிகள் ரோமன் எழுத்தில் ஓடுகின்றன. தமிழ் வாசிக்கத் தெரியாதவரும் பாட வேண்டும், அண்டை மாநிலத்தாரும் பார்க்க வேண்டும் என்று காரணம் சொல்கிறார்கள். வணிகம் என்ற அளவில் அது நியாயம்தான். ஆனால் ரோமன் எழுத்தில் பள்ளியும் பல்லியும் ஒன்று. மனமும் மணமும் ஒன்று. கரை எது, கறை எது என்று எழுத்து சொல்லாது. ழகரத்துக்கு ஒருவர் ஒரு மாதிரி எழுதுகிறார், இன்னொருவர் லகரமாகவே போட்டுவிடுகிறார். ஒரே பாட்டில், ஒரே சொல்லுக்கு மேலே ஒரு வடிவம், கீழே ஒரு வடிவம். கவிஞர் இரவெல்லாம் யோசித்து மாற்றிப் போட்ட ஓர் எழுத்து, வீடியோவில் யாரோ அவசரத்தில் தட்டியதோடு போயிற்று. டிலனின் அட்டைகளில் இருந்த பிழை ஒரு குறும்பு. இந்தப் பிழை அப்படி வந்ததல்ல.

மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று, பள்ளியில் தாய்மொழிப் பாடம். அங்கே எழுத்துக்கூட்டப் பழகும் பிள்ளை, பள்ளிக்கு வெளியே விரும்பிப் பார்க்கும் தமிழ்ச் சொற்கள் பெரும்பாலும் பாட்டுச் சொற்கள்தான். ஒரே பாட்டை நாற்பது முறை பார்க்கும் வயது அது. ஆசிரியர் நாற்பது முறை எழுதச் சொன்னால் எழுதாத பிள்ளை, அந்த நாற்பது முறையும் தமிழை வேறு எழுத்தில் பார்க்கிறது. தமிழ் எழுத்திலேயே வரிகளைப் போட ஒரு வெள்ளிகூடக் கூடுதல் செலவில்லை. இரண்டு எழுத்தையும் மேலும் கீழுமாகப் போட்டால் இரு தரப்புக்கும் வேலை முடிந்தது. சில நிறுவனங்கள் அவ்வாறு செய்தும் இருக்கின்றன. செய்யாமல் விடுவதற்குக் காரணம் பணமல்ல.

இதில் வேடிக்கை, லிரிக் வீடியோ தமிழ் சினிமாவுக்குப் புதிதே அல்ல. திரையரங்கு வாசலில் சில காசுக்குப் பாட்டுப் புத்தகம் விற்ற காலம் உண்டு. சாணித் தாள், மங்கிய அச்சு, மேலே நாயகன் நாயகி முகம். உள்ளே கதைச் சுருக்கம் பாதியில் நின்றுவிடும். மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று போட்டிருப்பார்கள். பிறகு பாடல்கள், ஒவ்வொன்றின் கீழும் எழுதியவர் பெயர். படம் வருவதற்கு முன்னும் பின்னும் பாட்டைப் பரப்பிய மலிவான உடுப்பு அதுவும். அச்சுப் பிழை அதிலும் இருந்தது. ஆனால் படிப்பு வாசனை குறைந்தவர்கூட, தெரிந்த பாட்டை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு, விரலை வரியின் மேல் நகர்த்தி, இந்த ஓசைக்கு இந்த எழுத்து என்று பொருத்திப் பார்க்கும்படி இருந்தது அந்தத் தாள்.